மூன்றாவது கையின் விலை

கோயமுத்தூரில் கணபதி, ஆவாரம்பாளையம், சின்னவேடம்பட்டி பக்கம் தெருவுக்குள் நடந்து போனால் ஒரு காட்சியைத் தவறாமல் பார்க்கலாம். வீட்டின் முன்னறையே பட்டறை. பாதி இடத்தை ஒரு லேத் அடைத்துக்கொண்டிருக்கும். சுவரோரம் பெஞ்ச் வைஸ், கிரைண்டர், மூலையில் வெல்டிங் மெஷின். உள்ளே குக்கர் விசில் அடிக்கும், வெளியே இரும்புச் சுருள் விழும். பம்புசெட் கம்பெனி ஜாப் ஆர்டர் ஒருபக்கம், தெருக்காரர்களின் கேட், ஜன்னல் கிரில் ஒருபக்கம் என்று பிழைப்பு ஓடும்.

இந்தப் பட்டறையில் இரண்டு ஆங்கிள்களை மூலை சேர்த்து டேக் வைக்க வேண்டும். வெல்டருக்கு ஒரு கையில் ராடு மாட்டிய ஹோல்டர், இன்னொரு கையில் முகத்துக்குப் பிடிக்கிற கறுப்புக் கண்ணாடி ஷீல்டு. ஆங்கிளைப் பிடிக்கக் கை இல்லை. உள்ளே பார்த்துக் குரல் போகும்.

"இந்தா புள்ள, ஒரு நிமிசம் வந்து இதப் புடி."

"கண்ண மூடிக்கட்டுங்களா?"

"மூடிக்க. மூஞ்சிய அந்தப் பக்கம் திருப்பிக்க."

அந்த அம்மா முகத்தைத் திருப்பிக் கண்ணை மூடிக்கொள்வார். முகம் திரும்பும்போது தோளும் கொஞ்சம் திரும்பும். தோளோடு கையும், கையோடு ஆங்கிளும். இரண்டே டிகிரி திரும்பினால் போதும், 1 மீட்டர் நீளத்தின் கோடியில் 35 மி.மீ. விலகிவிடும். பிறகு டேக்கைக் கிரைண்டரால் அறுத்து, மறுபடி மூலைமட்டம் வைத்து, மறுபடி "இந்தா புள்ள"...

இதற்கு மருந்து கிளாம்ப் என்பது எல்லா வெல்டருக்கும் தெரியும். ஆனால் நிறையப் பட்டறைகளில் சரியாக வேலை செய்கிற கிளாம்ப் இரண்டோ மூன்றோதான் இருக்கும். மீதி எல்லாம் மரை தேய்ந்தது, பாதம் கழன்றது, ஸ்பேட்டர் ஒட்டித் திரும்பாதது. லேத் வீட்டுக்குள்ளேயே இருக்கிறது, செய்யத் தெரிந்த கையும் இருக்கிறது, அப்புறம் ஏன் இல்லை? "கடையில வாங்கினாலே கம்மி, செய்ய உக்காந்தா அரை நாள் போயிரும்" என்பதுதான் வழக்கமான பதில். இந்தப் பதில் பாதி சரி, பாதி தவறு. எந்தப் பாதி என்று பார்ப்பதற்கு முன்னால் கிளாம்ப்பையே கொஞ்சம் கிட்டப்போய்ப் பார்க்க வேண்டும்.

சி கிளாம்ப்பின் உயிர் அதன் திருகின் நுனியில் இருக்கிறது. நுனி வெறுமனே தட்டையாக இருந்தால் இரண்டு தொல்லை. ஒன்று, திருகு சுற்றும்போது நுனியும் சுற்றும், அழுத்தப்படுகிற ஜாப்பையும் கூடவே இழுத்துக்கொண்டு போகும். கஷ்டப்பட்டு மட்டம் பார்த்து வைத்தது கடைசிச் சுற்றில் நகர்ந்துபோகும். இரண்டு, ஜாப்பின் பரப்பு கொஞ்சம் சாய்வாக இருந்தால் நுனியின் ஒரு ஓரம் மட்டும்தான் தொடும். சேனலின் உள்பக்கம், பைப்பின் முதுகு, வார்ப்புத் துண்டு என்று பட்டறைக்கு வருகிற பாதி இரும்பு சாய்வுதான்.

அதற்காகத்தான் உருண்டை. திருகின் நுனியை ஒரு குண்டாகக் கடைந்து, அதன் மேல் ஒரு கிண்ணம் மாதிரிப் பாதத்தை மாட்டிவிட்டால், திருகு உள்ளே சுற்றும், பாதம் சுற்றாது. பரப்பு எப்படிச் சாய்ந்திருக்கிறதோ அப்படிப் பாதமும் சாய்ந்து உட்காரும். மனித உடம்பில் இடுப்பு மூட்டும் இந்த வேலையைத்தான் செய்கிறது.

இந்த மாதிரிப் பிடிப்புக் கருவிகளின் சரித்திரத்தில் பட்டறைக்காரர்களுக்குப் பெரிய பங்கு உண்டு. டென்மார்க்கிலிருந்து அமெரிக்கா போன வில்லியம் பீட்டர்சன் ஒரு கொல்லர். நெப்ராஸ்கா மாநிலத்தில் டீவிட் என்கிற சின்ன ஊரில் பட்டறை வைத்திருந்தவர். கடித்த பிடியை விடாமல் தானே பூட்டிக்கொள்கிற குறடு ஒன்றைச் செய்து 1924இல் காப்புரிமை வாங்கினார். அதுதான் உலகம் முழுக்க வைஸ் கிரிப் என்ற பெயரில் போனது. வெல்டர்கள் இன்று பயன்படுத்துகிற லாக்கிங் கிளாம்ப்பெல்லாம் அதன் பிள்ளைகள், பேரன்கள். (அந்த ஊர்த் தொழிற்சாலையை 2008இல் மூடி, உற்பத்தியைச் சீனாவுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். அது தனிக் கதை.) இங்கே கவனிக்க வேண்டியது, கை போதாமல் தவித்தவர்தான் கையைச் செய்தார் என்பது.

சரி, விஷயத்துக்கு வருவோம். உருண்டை மூட்டு கிளாம்ப் என்று சொல்லும்போது இரண்டு வேறு வேறு சாமான்களை ஒரே பெயரால் சொல்கிறார்கள். குழப்பம் அங்கேதான் ஆரம்பம்.

முதலாவது, மேலே சொன்ன மாதிரி திருகின் நுனியில் உருண்டை. இரண்டாவது, ஒரு நீட்டுக் கையின் நடுவில் உருண்டை. மேசை விளக்கின் கழுத்து மாதிரி எந்தப் பக்கமும் வளைத்து, ஒரு நட்டை இறுக்கினால் அப்படியே நிற்கும். பார்க்க அழகாக இருப்பது இரண்டாவதுதான். வீட்டுப் பட்டறைக்காரர்கள் ஆசைப்பட்டுச் செய்வதும் அதைத்தான். செய்து முடித்து நண்பர்களுக்குக் காட்டினால் "அட!" என்பார்கள். ஆனால் வெல்டிங்குக்கு அது எவ்வளவு உதவும் என்பதைக் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்த்தால் அந்த "அட" குறைந்துவிடும்.

25 மி.மீ. உருண்டையை இரண்டு பக்கமும் 5,000 நியூட்டன் விசையில் நெரிப்பதாக வைத்துக்கொள்வோம். அதாவது சுமார் 500 கிலோ. இரும்பும் இரும்பும் உரசுகிற எண் 0.15 என்று எடுத்தால், இரண்டு பக்கமும் சேர்ந்து அந்த மூட்டு தாங்கும் முறுக்கு ஏறக்குறைய 19 நியூட்டன் மீட்டர். கை 20 செ.மீ. நீளம் என்றால் அதன் நுனியில் பத்துக் கிலோவுக்கும் கொஞ்சம் கீழேதான் தாங்கும். 500 கிலோ நெரித்து வாங்கியது பத்துக் கிலோ! அதுவும் உருண்டையில் எண்ணெய்ப் பிசுக்கு ஏறிவிட்டால் அதிலும் பாதி போய்விடும். உருண்டையைப் பெரிதாக்கினால் பிடிப்பும் அதே விகிதத்தில் கூடும், உண்மைதான். ஆனால் கூடவே கிளாம்ப்பின் எடையும் கூடும்.

இந்தப் பக்கம் வெல்டிங் எவ்வளவு இழுக்கிறது? இரும்பு 1 மீட்டருக்கு, 100 டிகிரி சூடு ஏறினால் சுமார் 1.2 மி.மீ. நீளும். உருகின இடம் 1,500 டிகிரிக்குப் பக்கத்திலிருந்து ஆறி வரும்போது சுருங்கும், சுருங்கும்போது சுற்றியிருக்கிற இரும்பையும் இழுக்கும். அந்த இழுப்பு கிலோக்கணக்கில் அல்ல, டன் கணக்கில். பத்துக் கிலோ மூட்டு அதன் முன்னால் என்ன செய்யும்? எனவே நடு உருண்டைக் கை சின்னத் துண்டுகளை இடத்தில் நிறுத்தி வைக்க, டேக் வைக்கிறவரை பிடித்துக்கொள்ள மட்டும். ஒரு நட்டை ஒரு தகட்டின் மேல் நிறுத்த வேண்டுமா, பேஷாக நிறுத்தும். நெளிவை அடக்க வேண்டும் என்றால் அதை நம்பக் கூடாது.

திருகு நுனி உருண்டையின் கதை வேறு. அங்கே விசை உருண்டையின் மையம் வழியாக நேராகப் போகிறது. உராய்வை நம்பி அது நிற்கவில்லை. எம்12 திருகின் கைப்பிடியில் 20 செ.மீ. தள்ளிப் பத்துக் கிலோ அழுத்தினால் நுனியில் சுமார் 8,000 நியூட்டன், அதாவது 800 கிலோ கிடைக்கும். அதே பத்துக் கிலோதான். அங்கே 500 கிலோவைக் கொடுத்துப் பத்தை வாங்கினோம், இங்கே பத்தைக் கொடுத்து 800ஐ வாங்குகிறோம். வியாபாரம் படித்தவர்கள் எந்தப் பக்கம் நிற்பார்கள் என்று சொல்லவே வேண்டாம் :)

ஆனால் நுனி உருண்டையும் மந்திரம் இல்லை. பாதம் எவ்வளவு சாய்ந்தாலும் சரி, அது வழுக்காமல் நிற்க உராய்வு வேண்டும். இரும்புக்கும் இரும்புக்கும் 0.2 என்று தாராளமாக எடுத்துக்கொண்டாலும் 11 டிகிரிக்கு மேல் சாய்வு போனால் பாதம் அழகாகப் படிந்து உட்கார்ந்துகொண்டே வழுக்கிவிடும். அதற்கு மேல் சாய்வு இருந்தால் ஆப்பு வைத்துத்தான் ஆக வேண்டும். "எங்க கிளாம்ப் 40 டிகிரி வரைக்கும் சாயும்" என்று விளம்பரம் சொன்னால், சாயும், நிற்குமா என்று கேட்க வேண்டும்.

செய்கிற கதைக்கு வந்தால், அங்கே ருசியான விஷயங்கள் நிறைய. எம்12 திருகு என்றால் அதன் நட்டின் உள் விட்டம் சுமார் 10.1 மி.மீ. திருகைக் கைப்பிடிப் பக்கத்திலிருந்துதான் சட்டத்தில் ஏற்ற வேண்டும், நுனி அந்த மரை வழியாகப் போக வேண்டும். அதனால் உருண்டை பத்துக்குக் கீழே இருந்தே ஆக வேண்டும். 9.5 வைத்தால் பாதுகாப்பு. இதை யோசிக்காமல் 12 மி.மீ. உருண்டை அழகாகக் கடைந்துவிட்டு, பிறகு எந்த வழியாக மாட்டுவது என்று தலையைச் சொறிந்தவர்கள் உண்டு.

உருண்டைக்குப் பின்னால் கழுத்து. கழுத்து மெலிந்தால் பாதம் அதிகம் சாயும், ஆனால் 800 கிலோவும் அந்தக் கழுத்து வழியாகத்தான் போக வேண்டும். 6 மி.மீ. கழுத்தில் ஒரு சதுர மி.மீ.க்குச் சுமார் 283 நியூட்டன் ஏறும். சாதா எம்.எஸ். ராடு 250இலேயே நசுங்க ஆரம்பிக்கும். 7 மி.மீ. என்றால் 208, தாங்கிவிடும். ஈ.என்.8 ராடு கிடைத்தால் இன்னும் நிம்மதி. 7 மி.மீ. கழுத்தும் 9.5 உருண்டையும் வைத்தால் பாதம் 12, 13 டிகிரி சாயும். தேவையே 11 டிகிரிதானே? அளவுகள் இப்படிக் கைகோத்து உட்காருவதைப் பார்த்தால் சந்தோஷமாகத்தான் இருக்கிறது.

உருண்டையைக் கடைய விலை உயர்ந்த அட்டாச்மென்ட் எதுவும் வேண்டாம். பள்ளிக்கூடத்துப் பிதாகரஸ் போதும். 9.5 மி.மீ. உருண்டைக்கு நுனியிலிருந்து 1 மி.மீ. தள்ளி விட்டம் 5.83, 2 மி.மீ. தள்ளி 7.75, 3 மி.மீ. தள்ளி 8.83. இப்படிப் படிப்படியாக வெட்டிக்கொண்டு வந்து, படிகளின் முனையை மட்டும் அரத்தால் தேய்த்து, எமரி தாள் போட்டால் கண்ணுக்கு உருண்டைதான். அதே அளவு ஆரத்தில் பழைய டூல் பிட் ஒன்றைக் குழிவாகக் கிரைண்ட் செய்து வைத்துக்கொண்டால் பத்து உருண்டையை ஒரே மாதிரி இறக்கலாம். பத்து செய்யப் போகிறவர்கள் இந்தக் குழிவு டூலுக்கு அரை மணி நேரம் செலவழிப்பதே புத்திசாலித்தனம்.

பாதம் 25 மி.மீ. ராடில் ஒரு துண்டு. நடுவில் துளை, துளையின் அடியில் டிரில் விட்டுப்போகிற கூம்பை அப்படியே விட்டுவிடலாம். உருண்டை அந்தக் கூம்பில் ஒரு வட்டக்கோடாகத் தொட்டு உட்காரும், நாள்பட நாள்படத் தானே பள்ளம் பண்ணிக்கொள்ளும். துளையின் வாயைச் சுற்றி 1 மி.மீ. கனத்துக்கு மெல்லிய உதடு விட்டுக் கடைந்து, உருண்டையை உள்ளே வைத்தபின் அந்த உதட்டைச் சுத்தியால் சுற்றிவரத் தட்டி உள்பக்கம் மடக்க வேண்டும். அவசரக்காரர்கள் ஓங்கி அடித்து உருண்டையைச் சிறைப்படுத்திவிடுவார்கள். அப்புறம் பாதம் திரும்பாது. பழைய தட்டைத் திருகுக்கும் அதற்கும் வித்தியாசமே இல்லை.

சிலர் குறுக்கு வழி தேடுவார்கள். பழைய பேரிங்கை உடைத்தால் பளபளவென்று உருண்டை கிடைக்கிறதே, அதைத் திருகு நுனியில் வெல்டு வைத்துவிட்டால் என்ன? கேட்க நன்றாக இருக்கும். ஆனால் பேரிங் உருண்டை 1 சதவீதம் கார்பனும் ஒன்றரை சதவீதம் குரோமியமும் உள்ள, முழுக்கக் கடினப்படுத்திய எஃகு. அப்படியே வெல்டு வைத்தால் வெல்டை ஒட்டிய இடம் கண்ணாடி மாதிரி நொறுங்கும். இன்றைக்கு நிற்கும், நாளைக்கு இறுக்கும்போது டப்பென்று தெறிக்கும். துளை போடலாம் என்றால் டிரில்தான் மழுங்கும். செந்நிறமாகப் பழுக்கவைத்துச் சாம்பலில் புதைத்து ராத்திரி முழுக்க ஆறவிட்டால் மெத்தென்றாகும், அதன் பிறகு கடையலாம். அத்தனை பாடு பட்டால் நேரே ராடிலேயே கடைந்துவிடலாமே?

உக்கடத்துப் பழைய இரும்புக் கடைகளில் கார் ஸ்டீரிங் டை ராடு எண்டு பொறுக்கி வருகிறவர்களும் உண்டு. உருண்டையும் கிண்ணமும் தயாராக, அழகாக. ஆனால் பல மாடல்களில் உள்ளே பிளாஸ்டிக் கிண்ணமும் கிரீஸும் இருக்கும். வெல்டிங் சூட்டில் இரண்டும் உருகிப் புகையாகும். வாங்குவதானால் உள்ளே என்ன இருக்கிறது என்று பார்த்து வாங்க வேண்டும்.

இன்னும் இரண்டு எச்சரிக்கை, சுருக்கமாக. எர்த் கிளிப்பை ஜாப்பிலேயே மாட்ட வேண்டும். கிளாம்ப்பின் உடம்பில் மாட்டினால் கரண்டு உருண்டை வழியாகப் பாயும், தொடுகிற இடத்தில் பொறி பறந்து உருண்டை அம்மைத் தழும்பாகிவிடும். துத்தநாகம் பூசின போல்ட்டின் மேல் வெல்டு வைக்கவே கூடாது. அந்த வெள்ளைப் புகையைச் சுவாசித்தால் சில மணி நேரத்தில் குளிரும் காய்ச்சலும் வரும்.

இப்போது அந்தப் பழைய பதிலுக்கு வரலாம். செய்வதா, வாங்குவதா?

பி.காம். மாணவர்கள் காஸ்டிங் பேப்பரில் இந்தக் கணக்கைப் பத்துத் தடவையாவது போட்டிருப்பார்கள். வெளியில் வாங்கும் விலை ஒருபக்கம், தானே செய்தால் ஆகும் மாறும் செலவு மறுபக்கம். லேத்தின் தேய்மானம், பட்டறை வரி எல்லாம் கிளாம்ப் செய்தாலும் செய்யாவிட்டாலும் ஆகிற செலவு, அதைச் சேர்க்கக் கூடாது. ஆனால் அந்த நேரத்தில் லேத் வேறு வேலை செய்து சம்பாதித்திருக்கும் என்றால் அந்த வாய்ப்புச் செலவைச் சேர்த்தே ஆக வேண்டும்.

எண்களைப் போட்டுப் பார்க்கலாம். எல்லாம் உதாரணத்துக்குத்தான். கடையில் சி கிளாம்ப் 400 ரூபாய். முழுசாகப் பட்டறையில் செய்தால் இரும்பு 150, நேரம் நாலு மணி. லேத்துக்கு மணிக்கு 200 ரூபாய் ஆர்டர் இருந்தால் அசல் செலவு 950. வாங்குவதே லாபம். ஆர்டரே இல்லாத நாளில் செய்தால் செலவு 150தான். செய்வதே லாபம். ஆக, "கடையில வாங்கினாலே கம்மி" என்பது வேலை நிறைந்த நாளுக்கு மட்டும் பொருந்துகிற பதில். கரண்டு கட் ஆகாத, ஆர்டரும் வராத மத்தியானங்கள் எந்தப் பட்டறையில் இல்லை?

இதில் மூன்றாவது வழி ஒன்று இருக்கிறது. தேர்வுத்தாளில் அது வராது. சட்டத்தை வாங்கு, நுனியைச் செய். சி வடிவச் சட்டம் சம்மட்டி மெஷினில் அடித்து வார்க்கிற வேலை. பஞ்சாபில் ஜலந்தரும் லூதியானாவும் கைக்கருவிகளுக்குப் பேர்போன ஊர்கள். அங்கே ஆயிரக்கணக்கில் அடித்துத் தள்ளுகிற சட்டத்தோடு ஒரு வீட்டு லேத் போட்டியே போட முடியாது. பட்டையை வெட்டி வெல்டு வைத்துச் செய்த வீட்டுச் சட்டம் இறுக்க இறுக்க வாயைத் திறக்கும், வளையும். அது நம்பிக்கைக்கும் நல்லதல்ல, விரலுக்கும் நல்லதல்ல. ஆனால் மலிவு கிளாம்ப்பில் முதலில் கெடுவது சட்டம் அல்ல, திருகும் பாதமும்தான். மலிவுக் கிளாம்ப் செய்கிறவர் காசு மிச்சம் பிடிப்பதும் அந்த இடத்தில்தான். அங்கேதான் வீட்டு லேத் ஜெயிக்கும். மரை தேய்ந்த, பாதம் கழன்ற பழைய கிளாம்ப்புகள் எல்லாப் பட்டறை மூலையிலும் குவிந்து கிடக்கின்றன. 40 ரூபாய் ராடும் ஒரு மணி நேரமும் போட்டால் ஒவ்வொன்றும் மறுபிறவி எடுக்கும். எம்12 மரை சட்டத்தில் தேய்ந்திருந்தால் துளையைப் பெரிதாக்கிப் புது நட்டு ஒன்றைப் பதித்துவிடலாம்.

லேத் தெரிந்த நிறையப் பேர் இதை ஒப்புக்கொள்ள மாட்டார்கள். எல்லாவற்றையும் தானே செய்வதுதான் கெத்து என்று ஒரு எண்ணம். இன்னொரு பக்கம், எல்லாவற்றையும் வாங்கிவிடுவதுதான் புத்திசாலித்தனம் என்று காமர்ஸ்காரர்கள். இரண்டு பேரும் கிளாம்ப்பை ஒரே துண்டாகப் பார்க்கிறார்கள். அது இரண்டு துண்டு.

கணக்குப் புத்தகம் கிளாம்ப்பை எங்கே வைக்கிறது என்பது ஒரு வேடிக்கை. கிளாம்ப், ஸ்பேனர் போன்றவற்றுக்கு 'லூஸ் டூல்ஸ்' என்று பெயர். இவற்றுக்கு மெஷின் மாதிரி வருஷா வருஷம் இத்தனை சதவீதம் என்று தேய்மானம் போடுவதில்லை. வருஷக் கடைசியில் எண்ணிப் பார்த்து, இன்றைக்கு என்ன பெறும் என்று மதிப்புப் போட்டு, குறைந்ததை நஷ்டத்தில் எழுது என்கிறது பாடம். அதே மறுமதிப்பீட்டு முறையில் பாடப்புத்தகத்தில் கூட நிற்கிற இன்னொரு உருப்படி ஆடு மாடு! எண்ணிப் பார்க்காவிட்டால் காணாமல் போய்விடும் என்பதில் இரண்டும் ஒன்றுதான். ஆனால் வீட்டுப் பட்டறையில் யார் வருஷக் கடைசியில் கிளாம்ப் எண்ணுகிறார்கள்? மெஷின் வாங்கக் கடன் கேட்டால் லேத்துக்கு மதிப்புப் போடுவார்கள். மூலையில் கிடக்கிற கிளாம்ப்பை யாரும் பார்ப்பதில்லை, சொந்தக்காரர் உட்பட.

அதை விடப் பெரிய விடுபடல் ஒன்று இருக்கிறது. மேலே போட்ட கணக்கில் கிளாம்ப்பின் விலை வந்தது, இரும்பின் விலை வந்தது, லேத்தின் நேரம் வந்தது. கிளாம்ப் இல்லாதபோது அந்த வேலையைச் செய்தவர் வரவில்லை. கண்ணை மூடிக்கொண்டு ஆங்கிளைப் பிடித்தாரே, அந்த அம்மா. அவருக்குக் கூலி இல்லை. கூலி இல்லாததால் செலவு இல்லை. செலவு இல்லாததால் கிளாம்ப் வாங்கி மிச்சப்படுத்த எதுவும் இல்லை! பேப்பரில் பார்த்தால் மனைவி பிடிப்பது 0 ரூபாய், கிளாம்ப் பிடிப்பது 400 ரூபாய். வீட்டுப் பட்டறைகளில் கிளாம்ப் பற்றாக்குறைக்கு முக்கியமான காரணம் இதுதான். வெளி ஆள் வைத்து நடக்கிற பெரிய பட்டறையில் ஹெல்பருக்கு நாள் கூலி கொடுத்தாக வேண்டும், அதனால் அங்கே கிளாம்ப் சீக்கிரம் வந்துவிடும். வீட்டில் இருக்கிற கை இலவசம்.

இலவசமா? ஆர்க் வெளிச்சத்தில் புற ஊதாக் கதிர் இருக்கிறது. மூடின இமை மொத்தத்தையும் தடுக்காது, எந்த நொடியில் மூட வேண்டும் என்பதும் பிடிக்கிறவருக்குத் தெரியாது. வெல்டர் ராடைத் தட்டின பிறகுதானே தெரியும்? கதிர் பட்ட உடனே ஒன்றும் செய்யாது. ஆறு முதல் பன்னிரண்டு மணி நேரம் கழித்து, பெரும்பாலும் ராத்திரி தூங்கப் போன பிறகு, கண்ணுக்குள் மணலை அள்ளிப் போட்ட மாதிரி ஆரம்பிக்கும். கருவிழியின் மேல்தோல் வெந்துபோனதன் வலி அது. உருளைக்கிழங்கை வட்டமாக நறுக்கிக் கண்ணில் வைத்துக்கொண்டு விடிய விடியப் படுத்திருப்பார்கள். ஒன்றிரண்டு நாளில் சரியாகிவிடும், அதனால் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. ஆனால் 2017இல் உலக சுகாதார அமைப்பின் கீழ் இயங்கும் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம், வெல்டிங் புகையையும் வெல்டிங்கிலிருந்து வரும் புற ஊதாக் கதிரையும் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று உறுதியான முதல் பட்டியலில் சேர்த்தது. கதிர் விஷயத்தில் அவர்கள் சொன்னது கண்ணில் வரும் மெலனோமாவை. வெல்டர் கையிலாவது கறுப்புக் கண்ணாடி இருக்கிறது. பிடிக்கிறவர் கையில் ஆங்கிள்தான் இருக்கிறது.

கிளாம்ப் வைத்தாலும் இரும்பு நெளியத்தான் செய்கிறது, அப்புறம் எதற்கு என்று ஒரு வாதம் உண்டு. நெளியும். கிளாம்ப்பைக் கழற்றினதும் கொஞ்சம் துள்ளவும் செய்யும். எதிரெதிர் மூலையாக மாற்றி மாற்றி டேக் வைப்பது, முழுசாக ஆறின பிறகு கழற்றுவது என்று அதற்குத் தனி வித்தைகள் இருக்கின்றன. ஆனால் கையால் பிடித்தால் அந்த வித்தைகளை ஆரம்பிக்கவே முடியாது. ஆறுகிறவரை யார் கையால் பிடித்துக்கொண்டு நிற்பார்கள்?

ஒரு ஜன்னல் சட்டத்துக்கு நாலு மூலை, மூலைக்கு இரண்டு கிளாம்ப். எட்டு இருந்தால் போதும். பழைய சட்டங்களைப் பொறுக்கி எடுத்து, எட்டுக்கும் புது நுனி கடைய இரண்டு நாள் மத்தியானம் ஆகும். எட்டையும் மாட்டி, மூலைமட்டம் பார்த்து, குறுக்குக்குக் குறுக்கு டேப் பிடித்துச் சரிபார்த்தபின், அந்த அம்மா கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே போய்விடலாம். ராடு அதற்குப் பிறகு தட்டினால் போதும்.